நோய் எந்த வழியாக வருகிறது? விலங்கின் உடலிலிருந்து தொடங்குவோம்

எச்.ஐ.வி. உள்ள ஒருவரைக் கடித்த கொசு அடுத்து நம்மைக் கடித்தால் நமக்கும் தொற்றிவிடுமா? இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் பரவும் என்கிறார்கள். அப்படியானால் கொசுவின் ஊசி மட்டும் ஏன் பரப்பாது? நியாயமான கேள்விதான். "பரவாது" என்று சொல்லி முடித்துவிடலாம். ஏன் பரவாது என்று சொல்ல வேண்டுமானால் கொசுவின் வாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கொசுவின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழல் வெறும் உறை. கடிக்கும்போது அது தோலுக்குள் போவதில்லை. மடங்கிக்கொண்டு வெளியிலேயே நிற்கும். உள்ளே போவது அந்த உறைக்குள் கட்டாக இருக்கும் ஆறு மெல்லிய ஊசிகள். அவற்றில் சில தோலை அறுத்து வழிசெய்கின்றன. ஒன்றின் வழியாக உமிழ்நீர் நம் உடலுக்குள் இறங்குகிறது, இன்னொன்றின் வழியாக ரத்தம் மேலே ஏறுகிறது. இரண்டும் தனித்தனிப் பாதைகள். குடித்த ரத்தத்தைக் கொசு அடுத்த ஆளுக்குள் செலுத்துவதே இல்லை, செலுத்துவது உமிழ்நீரைத்தான். எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனித ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளையணுக்கள் தேவை. கொசுவின் வயிற்றில் அவை இல்லாததால் அந்த வைரஸ் மற்ற உணவோடு சேர்ந்து செரித்துப் போகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிவரை அது போய்ச்சேர வழியே கிடையாது.

மலேரியா ஒட்டுண்ணியின் கதை வேறு. ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போனதும் அதன் ஆண், பெண் வடிவங்கள் அங்கேதான் இணைகின்றன. பிறகு அது வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தில் ஒரு சிறு கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டிக்குள் ஆயிரக்கணக்கில் பெருகி, வெடித்து வெளியேறி, உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்க் காத்திருக்கிறது. இதற்கெல்லாம் சுமார் 10 முதல் 14 நாள் பிடிக்கும்; குளிர் கூடினால் இன்னும் நீளும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால், நோயாளியைக் கடித்த கொசுக்களில் பெரும்பாலானவை பிறருக்கு நோயைக் கொடுக்கும் முன்பே செத்துவிடுகின்றன. மருந்து தோய்த்த கொசுவலையும் சுவரில் தெளிக்கும் மருந்தும் இவ்வளவு பலன் தருவதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை, அவற்றின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே போதும்.

ஒரு நோய் பரவுமா, எப்படிப் பரவும் என்பதில் பாதி, கிருமியின் குணம். மீதிப் பாதி, அதைச் சுமக்கும் விலங்கின் உடல். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அந்த வகைப்பாட்டுப் பாடம் இந்த இடத்தில்தான் உயிர்பெறுகிறது என்பது என் எண்ணம்.

எது விலங்கு, எது இல்லை

பல செல்களால் ஆனது, செல்களைச் சுற்றிக் கெட்டியான சுவர் இல்லாதது, தன் உணவைத் தானே தயாரிக்க முடியாமல் பிற உயிர்களைத் தின்று வாழ்வது. விலங்கு என்பதற்கு இவ்வளவு இலக்கணம் போதும். இதன்படி யானையும் விலங்கு, மண்புழுவும் விலங்கு, கடலடியில் அசையாமல் ஒட்டியிருக்கும் பஞ்சுயிரியும் விலங்கு. குடலில் வாழும் நாடாப்புழுவும் விலங்குதான். மலேரியா ஒட்டுண்ணி விலங்கு அல்ல; அது ஒற்றைச் செல் உயிர். பாக்டீரியாவும் ஒற்றைச் செல்தான், ஆனால் அதன் செல்லுக்குள் உட்கரு கிடையாது. வைரஸ் செல்கூட இல்லை. ஒரு புரத உறைக்குள் சுருட்டி வைத்த மரபுப் பொருள், அவ்வளவே. இன்னொரு செல்லுக்குள் நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

இது வெறும் பெயர் வைக்கும் வேலை இல்லை. பாக்டீரியாவின் செல்சுவரையோ, அது புரதம் தயாரிக்கும் முறையையோ குறிவைத்துத்தான் பல ஆன்டிபயாடிக் மருந்துகள் வேலை செய்கின்றன. வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, அந்தத் தயாரிப்புக் கூடமும் இல்லை. சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை நச்சரிப்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

விலங்குகளை வரிசைப்படுத்தும் இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ். ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை விலங்குகள் முழுவதற்கும் அவர் பயன்படுத்தியது 1758-இல் வெளிவந்த பதிப்பில். பின்னால் வந்தவர்கள் சேர்த்ததையும் கணக்கில் கொண்டால் இன்று முக்கியமான படிகள் ஏழு. நாயை எடுத்துக்கொண்டால்: விலங்குலகம், முதுகுநாணிகள் என்ற தொகுதி, பாலூட்டிகள் என்ற வகுப்பு, ஊனுண்ணிகள் என்ற வரிசை, நாய்க் குடும்பம், கேனிஸ் என்ற பேரினம், கடைசியில் சிற்றினம். கீழே இறங்க இறங்க உறவு நெருங்கும். நாயும் ஓநாயும் ஒரே பேரினம். நாயும் பூனையும் வரிசைவரை ஒன்றாக வந்து குடும்பத்தில் பிரிந்துவிடுகின்றன.

லின்னேயஸ் பார்த்தது பெரும்பாலும் பற்களையும் கால்களையும் மார்புக் காம்புகளையும். அதனால் வேடிக்கைகளும் நடந்தன. வௌவாலை மனிதனும் குரங்கும் இருக்கும் அதே வரிசையில் உட்கார வைத்தார். முந்தைய பதிப்புகளில் மீன்களோடு கிடந்த திமிங்கிலத்தை 1758-இல்தான் பாலூட்டிகளிடம் கொண்டுவந்து சேர்த்தார். இன்று மரபணுவைப் படித்து யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறார்கள். வௌவாலுக்கு இப்போது தனி வரிசை. 1,400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அதில் உண்டு; பாலூட்டிச் சிற்றினங்களில் ஐந்தில் ஒன்று வௌவால் என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது.

மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ளவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். முதுகெலும்பு இல்லாதவைதான் எண்ணிக்கையில் பெரும் கூட்டம். பூச்சிகளில் மட்டும் இதுவரை பெயரிடப்பட்டவை சுமார் 10 லட்சம் சிற்றினங்கள். பூச்சிகளும் சிலந்திகளும் நண்டு, இறால் வகையும் மரவட்டையும் சேர்ந்தது கணுக்காலிகள் என்ற தொகுதி.

பூச்சிக்கு ஆறு கால்; கொசு, ஈ, பேன், தெள்ளுப்பூச்சி எல்லாம் இதில் அடங்கும். உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் எட்டுக் கால், அவை சிலந்தியின் சொந்தக்காரர்கள். இதிலும் ஒரு குழப்பம் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் உண்ணிக்கு ஆறு கால்தான் இருக்கும், அடுத்த பருவத்தில்தான் எட்டாகும். காலை மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அந்த ஆறுகால் பருவம் மருத்துவர்களுக்கு மிக முக்கியம். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்புவது ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் மட்டுமே. புதரிலும் புல்லிலும் காத்திருந்து எலியின் மேலோ மனிதன் மேலோ ஏறிக் கடிக்கும். அந்தச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் விலங்கின் உடலில் உணவெடுப்பது அந்த ஒரே பருவத்தில், ஒரே ஒருமுறை. அப்படியானால் ஓர் எலியைக் கடித்து, கிருமியை வாங்கி, அடுத்த ஆளைக் கடித்துக் கொடுப்பது எப்படி முடியும்? முடியாது. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்கு வந்துசேர்கிறது. பிறக்கும்போதே அது தொற்றோடுதான் பிறக்கிறது. நோயாளியைத் தனிமைப்படுத்தி இந்தக் காய்ச்சலைத் தடுக்க முடியாது. முழுக்கால் மூடிய உடை, புதரில் உட்காராமல் இருப்பது, வந்ததும் குளித்து உடை மாற்றுவது ஆகியவைதான் வழி.

கொசு என்று ஒன்று இல்லை

கொசுவில் சுமார் 3,500 சிற்றினங்கள் உள்ளன. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும், அதுவும் முட்டைக்காக. மலேரியா அனாபிலிஸ் பேரினத்தின் வேலை. டெங்குவுக்கு ஏடிஸ். யானைக்கால் நோயையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் பெரும்பாலும் கியூலெக்ஸ் கொண்டுவருகிறது.

வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தாலே இவற்றைப் பிரித்துச் சொல்லலாம். அனாபிலிஸ் புழு நீரின் மேல்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடைமட்டமாக மிதக்கும். ஏடிஸும் கியூலெக்ஸும் தலைகீழாகத் தொங்கும். வால் பக்கத்தில் உள்ள மூச்சுக்குழல் மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முட்டையிலும் வித்தியாசம் உண்டு. கியூலெக்ஸ் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தெப்பம்போல ஒன்றாக ஒட்டி நீரில் விடும். அனாபிலிஸ் ஒவ்வொன்றாக இடும், அதன் முட்டையின் இரு பக்கமும் மிதவை இருக்கும். ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நீர் நிறைந்ததும் பொரிக்கும். தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மலேரியாவைக் கொசுவில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் இந்தப் பேரின வித்தியாசத்தால் படாதபாடு பட்டார். 1895-இல் செகந்திராபாத்தில் வேலையைத் தொடங்கி, நோயாளிகளைக் கடிக்கவிட்ட கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சாம்பல் நிறக் கொசு, வரிக்கொசு என்று எத்தனை அறுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவை கியூலெக்ஸும் ஏடிஸும். மனித மலேரியா அவற்றுக்குள் வளரவே வளராது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, சிறகில் புள்ளிகள் கொண்ட இன்னொரு வகைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கறுப்பு நிறமிகளோடு கூடிய அந்தக் கட்டிகளைக் கண்டார். அது அனாபிலிஸ். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பேரினம் சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை. ஐரோப்பாவில் சில வட்டாரங்களில் அனாபிலிஸ் கூட்டம் கூட்டமாக இருந்தும் மலேரியா இல்லை. வேறு சில வட்டாரங்களில் பார்வைக்கு அதே கொசு, மலேரியாவும் உண்டு. பல ஆண்டுகள் இது புரியாத புதிராகவே இருந்தது. 1926-இல் டொமெனிக்கோ ஃபல்லெரோனி என்ற இத்தாலியப் பொதுச் சுகாதார ஆய்வாளர் அந்தக் கொசுக்களின் முட்டைகளை உற்றுப் பார்த்தபோது, அவற்றின் மேலுள்ள கோலம் ஒன்றுபோல் இல்லை என்று கவனித்தார். பின்னால் நடந்த ஆய்வில், ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்தது உண்மையில் பல சிற்றினங்களின் தொகுப்பு என்று தெரியவந்தது. சில கால்நடைகளையே நாடிப் போகும்; சில மனிதனைக் கடிக்கும். முட்டையின் மேலுள்ள கோலத்தை வைத்து எந்த ஊருக்கு மலேரியா ஆபத்து என்று சொல்ல முடிந்தது. வகைப்பாட்டியலை உலர்ந்த பாடம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

கோழிக்கு ஏன் ஆந்த்ராக்ஸ் வரவில்லை

ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் நோய் ஆட்டையும் மாட்டையும் கொல்லும். கோழிக்குக் கிருமியை ஊசிமூலம் ஏற்றினாலும் சாதாரணமாக ஒன்றும் ஆவதில்லை. காரணம் உடற்சூடாக இருக்கலாம் என்று லூயி பாஸ்டர் நினைத்தார். பறவையின் உடல் பாலூட்டியைவிடச் சூடானது, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1878-இல் கிருமி ஏற்றிய ஒரு கோழியைக் குளிர்ந்த நீரில் நிற்க வைத்து உடற்சூட்டைக் குறைத்தார். கோழி ஆந்த்ராக்ஸில் செத்தது. இன்னொரு கோழியை நோய் தொடங்கியபின் நீரிலிருந்து எடுத்துக் கதகதப்பாக வைத்தார், அது பிழைத்துக்கொண்டது. அந்தக் கோழிகளின் பாட்டை நினைத்தால் சங்கடம்தான், ஆனாலும் விலங்கின் உடலியலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இவ்வளவு பளிச்சென்று காட்டிய சோதனைகள் குறைவு.

ரேபிஸைப் பாருங்கள். அது பாலூட்டிகள் என்ற வகுப்பின் எல்லைக்குள் நிற்கிறது. நாய், பூனை, நரி, குரங்கு, வௌவால் என்று எந்தப் பாலூட்டிக்கும் வரலாம். பல்லியோ பாம்போ கடித்தால் ரேபிஸ் பயம் வேண்டாம். கடித்த இடத்தில் நுழைந்த வைரஸ் ரத்தத்தில் ஓடாமல் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். முகத்திலும் கழுத்திலும் பட்ட கடி அதிக ஆபத்தாவது தூரம் குறைவு என்பதால். மூளையை அடைந்தபின் வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. அதற்குள் நாயின் முடிவு நெருங்கிவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதன் கணக்கு இதுதான்: கடித்தபோது எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளைத் தாண்டியிருக்காது. அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

வைரஸ்களுக்கு உடற்சூட்டைவிடப் பெரிய தடை செல்லின் வெளிப்பரப்பு. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, செல்லின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் பொருந்தினால்தான் வைரஸ் உள்ளே போக முடியும். காட்டு வாத்துகளில் ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் குடலில் வாழ்கிறது, எச்சத்தில் வெளியேறுகிறது, வாத்து நோயாளியாகவே தெரிவதில்லை. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள மூலக்கூறு சற்று வேறு. அதனால் பறவை ஃப்ளூ மனிதனுக்கு எளிதில் தொற்றுவதில்லை. பன்றியின் மூச்சுப்பாதையில் இரண்டு வகையும் உண்டு. பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே பன்றிக்குள் சந்தித்தால் மரபுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிய வைரஸாக வெளிவரலாம்.

நிப்பா வைரஸ் 1998-இல் மலேசியாவில் தலைகாட்டியபோதும் இடையில் நின்றது பன்றிதான். பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் பண்ணைக்குள் விழுந்தன, பன்றிகளுக்கு வந்தது, அவற்றைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. வங்கதேசத்தில் அதே வைரஸுக்குப் பன்றி தேவைப்படவில்லை. மரத்தில் கட்டிய கலயத்தில் இரவில் வௌவால் வாய் வைத்துவிட்டுப் போன பேரீச்சம் பதநீரைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நேராகவே வந்தது.

யாரிடமிருந்து யாருக்கு

மனிதனைத் தாக்கும் தொற்றுக்கிருமிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் விலங்குகளிடமும் காணப்படுபவை. ஆனால் விலங்கிடமிருந்து வந்தது எல்லாம் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போவதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நீர்ப்பறவைகளிலும் பன்றியிலும் பெருகுகிறது. கொசு வழியாக மனிதனுக்கு வந்தால் உயிரையே எடுக்கும். ஆனால் மனித ரத்தத்தில் வைரஸின் அளவு மிகக் குறைவு. அந்த நோயாளியைக் கடிக்கும் கொசுவுக்கு அது தொற்றாது. நோயின் பயணம் அவரோடு நின்றுவிடுகிறது. டெங்கு நேர்மாறு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நோயாளியின் ரத்தமே அடுத்த கொசுவுக்குத் தொற்றுகிறது. அதனால் டெங்கு நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும்.

ஒரு நோயை உலகத்திலிருந்தே துடைத்தெறிய முடியுமா என்பதும் இதே கேள்விதான். பெரியம்மை வைரஸுக்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் இல்லை. தடுப்பூசியால் மனிதர்களைக் காத்ததும் அதற்குப் போக இடமில்லாமல் போயிற்று. 1980-இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 2011-இல் அதே வழியில் போனது. ஃப்ளூவை அப்படி ஒழிக்க முடியாது, காட்டு வாத்துகள் அத்தனைக்கும் யார் ஊசி போடுவது?

கினிப் புழு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இறாலின் தூரத்து உறவான, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு நீருயிரிக்குள் இதன் இளம்புழு இருக்கும். அந்த நீரைக் குடித்தவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட பெண்புழு காலில் கொப்புளமாகக் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் காலை நீரில் வைத்ததும் ஆயிரக்கணக்கில் குட்டிகளை நீரில் விடும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நெருக்கமாக நெய்த துணியில் குடிநீரை வடிகட்டுவதும், புண் உள்ளவரை நீரில் இறங்கவிடாமல் தடுப்பதும்தான் ஆயுதம். 1986-இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு வந்த நோய், 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் 20 பேரைத் தொடவில்லை. ஆனால் இடையில், முடிவு நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2012-இல் ஆப்பிரிக்க நாடான சாட்டில் நாய்களின் காலிலிருந்து அதே புழு கிளம்பத் தொடங்கியது. அதுவரை இது மனிதனுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். இப்போது அங்கே புண் உள்ள நாய்களைக் கட்டிப்போடுகிறார்கள், இளம்புழு இருக்கக்கூடும் என்பதால் நாய் தின்னாதபடி மீன் குடலைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள், ஒழிப்புக்கான இலக்கு ஆண்டு 2030-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.